நீலவேணிக்காக எழுதிய மனு

2 செப்டம்பர் 1986, செவ்வாய்

இந்த ஊர் எனக்குச் செய்த அநியாயம் இது: என் வீட்டுக்காரர் ராஜவேலு செத்துப் பதினாறாம் நாள், பாடு சீட்டிலிருந்து எங்கள் வீட்டுப் பெயரை அடித்தார்கள். பதினொரு வருஷம் ஆகிறது. ஏரியில் இறால் படும் இடத்துக்குப் பாடு என்று பெயர். யார் எந்த நாள் அங்கே வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் கூடிச் சீட்டு எடுக்கும். ஆண்பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒரு சீட்டு. எனக்கு இருப்பது மகள் தேவகி ஒருத்தி. அதனால் சீட்டு இல்லை. வலை இருக்கிறது, கழிகள் இருக்கின்றன, ஏரியும் அங்கேயேதான் இருக்கிறது.

புது டைரியில் இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று எழுதிவிட்டேன். புது டைரி என்றால் 1983ஆம் வருஷத்து டைரி. ஐஸ் கம்பெனிக்காரர் கொடுத்தது. தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன். கருவாடு கட்டின பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்தே கற்றுக்கொண்டவள் நான். எழுதிவைத்ததை ஒருவனும் இல்லை என்று சொல்ல முடியாது.

சாயங்காலம் நாலு படகு நிறைய ஆட்கள் பழவேற்காடு போனோம். கௌஸ் மைதீன் பாய் வீட்டில் டிவி வந்திருக்கிறது. ஆன்டெனாவை எங்கள் ஊர் வலைக்கழி ஒன்றில்தான் கட்டியிருக்கிறார். புதுசாக ஒரு போலீஸ் கதை. வாராவாரம் செவ்வாய்க்கிழமை வருமாம். கதையில் கெட்டவள் ஒரு பொம்பளை. பெயர் நீலவேணி. கடத்தல்காரி. இன்ஸ்பெக்டர் நல்லவர். மீசை ஒட்டுமீசை.

9 செப்டம்பர்

நீலவேணி ஏன் கடத்தல்காரி ஆனாள் என்று இன்று காட்டினார்கள். புருஷன் கடலில் செத்துப்போனான். பொம்பளைக்கு எதற்கு லாஞ்சு என்று துறைமுகத்து ஆண்கள் சேர்ந்து பிடுங்கிக்கொண்டார்கள். அதே லாஞ்சைத் திருடிக்கொண்டு போய்த்தான் இவள் கடத்தலில் இறங்கினாள்.

கூடம் முழுக்க 'உச்' கொட்டியது. துளசிங்கம் துண்டில் மூக்கைச் சிந்தினான். அவன்தான் ஊர்த்தலைவர், என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன். என் பெயரை அடித்த பேனா அவனுடையது. திரும்பிப் பார்த்து என்னிடம் சொல்கிறான்:

"பாவம் அண்ணி. வேற இன்னா பண்ணுவா அவ?"

என்னிடம்! திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வந்து அடங்கவே இல்லை. "பெரிம்மா, படகு ஆடுது, சும்மா குந்து" என்று படகு தள்ளின கங்காதரன் அதட்டினான்.

10 செப்டம்பர்

காட்டூருக்கு மீன் கூடை தூக்கினேன். கெண்டை எல்லாம் விற்றுப்போயிற்று. வழியெல்லாம் ஒரே யோசனை. துளசிங்கத்துக்குக் கண்ணீர் இருக்கிறதா? இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தான்?

16 செப்டம்பர்

எனக்கு நீலவேணியைப் பிடிக்கவில்லை. எல்லாரும் உருகுகிறார்கள் என்பதற்காக நானும் உருக முடியாது. அவளுக்குப் பொறுமை இல்லை. நான் வருஷம் தவறாமல் கூட்டத்தில் எழுந்து மனு கொடுத்துக் கேட்டேன். அவள் ஒருதடவையாவது கேட்டாளா? நேரே திருட்டு. அதுவும் துடுப்பைப் பிடிக்கிற அழகைப் பார்க்க வேண்டும் — துடைப்பத்தைப் பிடிக்கிற மாதிரி.

இதை பாய் சம்சாரம் மெஹருன்னிசாவிடம் சொன்னேன். அவள் டீயை ஆற்றிக்கொண்டே, "யக்கா, திருடனதால அவளுக்கு லாஞ்சு கெடச்சுது. கேட்டதால உனக்கு இன்னா கெடச்சுது?" என்றாள்.

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சர்க்கரை அதிகம்.

30 செப்டம்பர்

செவ்வாய் சாயங்காலம் இப்போதெல்லாம் எங்கள் ஊர்க்காரன் ஒருவனும் வலை போடுவதில்லை. இறாலுக்கு அன்றைக்கு லீவு.

இன்று நீலவேணி போலீஸ் படகைத் தாண்டித் தன் லாஞ்சை ஓட்டினாள். குப்பன் எழுந்தே நின்றுவிட்டான். "ஓட்டு! விடாதம்மா, ஓட்டு! எந்த ஆம்பளைடா இப்டி ஓட்டுவான்?" என்று கத்துகிறான். பொம்பளை கால் பட்டால் பாடு இடத்தில் இறால் ஒதுங்காது என்று வருஷாவருஷம் கூட்டத்தில் சொல்கிற அதே குப்பன்தான்.

நானும் 'ஓட்டு' என்று சொன்னேனோ என்னவோ. சொல்லவில்லை. மெதுவாகச் சொல்லியிருப்பேன்.

7 அக்டோபர்

இன்ஸ்பெக்டர் வலை விரித்துவிட்டார். இன்னும் மூன்று வாரத்தில் கதை முடிகிறதாம். நீலவேணிக்கு ஜெயில்தான் என்று பாய் சொல்லிவிட்டார். திரும்பிப் படகு ஏறினோம். நடு ஏரியில் துளசிங்கம் வாயைத் திறந்தான்.

"மெட்ராஸ் டிவி ஆபீசுக்கு மனு போடலாம்டா. ஊர் மனு. அந்தப் பொண்ணை உள்ள போடக்கூடாது, லாஞ்சைத் திருப்பிக் குடுக்கணும்னு."

எல்லாப் படகிலிருந்தும் சரி, சரி என்று சத்தம்.

"யார்ரா எழுதறது?"

"அண்ணிதான் எழுதணும். கோவிந்தம்மா அண்ணி கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்" என்றான் துளசிங்கம்.

பதினொரு மனு கொடுத்தேனே, அப்போதெல்லாம் அச்சு கண்ணுக்குத் தெரியவில்லையா, துளசிங்கம்? கேட்கவில்லை. "எழுதறேன்" என்று மட்டும் சொன்னேன். ஏன் கேட்கவில்லை? கேட்காமல் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

9 அக்டோபர்

எழுதிவிட்டேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, மனப்பாடமாக இருந்தது. இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

'புருஷன் செத்தால் அவன் உழைத்த இடம் தண்ணீரில் கரைந்துபோவதில்லை. அது அவன் பெண்டாட்டிக்குச் சேர வேண்டும். பொம்பளை என்பதற்காகப் பறித்தது தப்பு. பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இது எங்கள் ஊரின் ஒருமித்த தீர்ப்பு.'

கடைசியில் ஒரு வரி: 'எனவே நீலவேணியை ஜெயிலில் போடாமல் லாஞ்சைக் கொடுக்கவும்.'

கோயில் முன்னால் நின்று படித்தேன். கை தட்டினார்கள். நாற்பத்தொரு பேர். பதினாலு கையெழுத்து, மற்றதெல்லாம் கைநாட்டு. குப்பன் பெருவிரலை மையில் இரண்டுதரம் முக்கி அழுத்தினான், மெட்ராஸில் நன்றாகத் தெரிய வேண்டுமாம்.

பாய் கடையில் கார்பன் பேப்பர் வாங்கியிருந்தேன். கைநாட்டு கார்பனில் விழாது. அதனால் இரண்டு தாளிலும் தனித்தனியாக வைக்கச் சொன்னேன். "ரெண்டாவது எதுக்கு அண்ணி?" என்றான் துளசிங்கம். "ஊருக்கு ஒண்ணு இருக்க வேணாமா?" என்றேன். "அண்ணிக்கு மூளைடா" என்றான்.

ஆமாம்.

28 அக்டோபர்

கதை முடிந்தது. இன்ஸ்பெக்டர் கடலில் விழுந்தார். நீலவேணி தப்பிப் போயிருக்கலாம், போகவில்லை. திரும்பி வந்து தூக்கிவிட்டாள். தானே ஸ்டேஷனுக்கும் நடந்து வந்தாள். ஆறு மாதம் தண்டனை. இன்ஸ்பெக்டர் கண் கலங்கி, "நீ வெளியே வரும்போது உன் லாஞ்சு உனக்காகக் காத்திருக்கும்" என்றார்.

கூடம் அமர்க்களப்பட்டது. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

"லாஞ்சு குடுத்துட்டான்டா! நம்ம மனுடா!"

எனக்கும் கண்ணில் தண்ணீர். தூசி விழுந்தது என்று எழுதலாம். டைரியில் பொய் எழுதக் கூடாது.

29 அக்டோபர்

ஊரெல்லாம் கேசரி. மெட்ராஸே நம் பேச்சுக்குக் கட்டுப்பட்டது என்று துளசிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பசியாவரம் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அங்கே வாழ்க்கைப்பட்ட தேவகி சொல்லியனுப்பியிருக்கிறாள்.

மெஹருன்னிசா என் காதில் சொன்னாள்: "யக்கா, அதெல்லாம் ஆறு மாசம் முன்னாடியே புடிச்சு வெச்ச படம். மனு போய்ச் சேர்ந்துச்சோ இல்லியோ."

"தெரியும். நீ வாயைத் திறக்காத" என்றேன்.

8 நவம்பர்

நாளைக்குச் சீட்டு. மனுவின் இரண்டாவது தாளை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறேன். சிரித்துத் தள்ளிவிட்டால்? இதுவும் போனால் இன்னொரு வருஷம். எனக்கு அறுபத்து மூன்று. ராஜவேலு கட்டின வலையை எலி தின்கிறது. இன்னொரு வருஷத்துக்கு வலை தாங்காது.

நான் தாங்குவேன். அது வேறு.

9 நவம்பர்

கோயில் முன்னால் ஊர் கூடியது. குடத்தில் நாற்பத்தொரு சீட்டு. துளசிங்கம் குடத்தைக் குலுக்கப் போகும்போது எழுந்தேன். "வந்துட்டாடா" என்று குப்பன் முனகினான்.

முதலில் ஒன்று கேட்டேன். "துளசிங்கம், நம்ம ஊர் மனுவுக்கு மெட்ராஸ் கட்டுப்பட்டுச்சா, இல்லையா?"

"கட்டுப்பட்டுச்சு அண்ணி! ஊர் பேச்சுன்னா சும்மாவா?"

"அப்போ நம்ம ஊர் கட்டுப்படுமா?"

"படாம? நம்ம பேச்சாச்சே."

தாளைப் பிரித்துப் படித்தேன். நிறுத்தி நிறுத்தி. 'புருஷன் செத்தால்' என்பதிலிருந்து 'ஒருமித்த தீர்ப்பு' வரைக்கும். கடைசி வரியையும் விடவில்லை. விட்டால் ஏமாற்று. படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கைநாட்டுகளைக் காட்டினேன்.

துளசிங்கத்தின் முகம் வெந்த நண்டு மாதிரி ஆனது.

"அண்ணி... அது டிவில வந்த பொம்பளைக்கு எழுதனது."

"அவ உனக்கு இன்னா ஒறவு? மொகம் தெரியாதவளுக்கு அழுதே. நான் உன் அண்ணன் பொண்டாட்டி. தெனம் உன் எதிர்ல கூடை தூக்கினு போறேன். நான் இன்னா, லாஞ்சைத் திருடினாத்தான் உன் கண்ணுக்குத் தெரிவேனா?"

பெண்கள் பக்கம் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு ஆண்கள் பக்கமும். குப்பன் எழுந்தான். போச்சு என்று நினைத்தேன். தாளை வாங்கித் தன் கைநாட்டை உற்றுப் பார்த்தான்.

"என் வெரல்தான்டா இது. வெச்சுட்டேனே" என்றான். "மெட்ராஸுக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுனு பேச எனக்குத் தெரியாது. எழுதிப் போடு, துளசிங்கம்."

"காலு பட்டா எறா வராதுன்னியே, மாமா?" என்று யாரோ கத்தினார்கள்.

"வரலன்னா அவளுக்குத்தான் வராது! உனக்கு இன்னா?"

துளசிங்கம் பேனாவை எடுத்தான். அதே பேனாவா என்று தெரியவில்லை. அதே என்று வைத்துக்கொள்கிறேன். நாற்பத்திரண்டாவது சீட்டில் கோவிந்தம்மா என்று எழுதினான். ராஜவேலு மனைவி என்று சேர்க்கப் போனான். "என் பேரு மட்டும் போதும்" என்றேன்.

குலுக்கி எடுத்ததில் எனக்கு விழுந்தது எட்டாம் நாள் முறை.

16 நவம்பர், ஞாயிறு

நாளை என் முறை. செய்ய வேண்டியது:

எலி தின்ற இரண்டு இடத்தில் இன்னும் முடிச்சுப் போட வேண்டும் — தேவகி. இன்று மத்தியானத்துக்குள் வந்துவிட வேண்டும், பேசிக்கொண்டு நிற்கக் கூடாது.

கழிகளைப் படகில் ஏற்ற வேண்டும் — மாப்பிள்ளை தருமன். ஒரு கழி குறைகிறது. அது பாய் வீட்டு ஆன்டெனாவில் இருக்கிறது. கேட்டு வாங்கி வர வேண்டும் — மெஹருன்னிசா. வேறு கதை ஆரம்பிப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கழி ஊன்றிக் கொடுக்க வேண்டும் — துளசிங்கம். தானாகவே வருகிறேன் என்றான். வரட்டும்.

கரையில் நின்று இறால் வருகிறதா என்று பார்க்க வேண்டும் — குப்பன்.

படகில் முதலில் ஏற வேண்டும் — நான்.

விட்டுப்போன பதினொரு வருஷத்து முறைகளை அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும் — நான்.