நோட்டீஸில் மிஞ்சிய மூன்று வார்த்தைகள்

ஓமலூர்
4.8.2025

அன்புள்ள ராசப்பன் பெரியப்பாவுக்கு,

ரஞ்சிதா வணக்கத்துடன் எழுதுவது. அப்பா போய் ஏழு மாதமாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால்தான் ஓய்ந்திருக்கிறது, வாய் ஓயவில்லை. உங்கள் காதுக்காகப் போனில் கத்தித் தெருவைக் கூட்ட வேண்டாமென்றுதான் கடிதம்.

அப்பாவின் பெட்டியில், 1976 மார்ச்சில் தறித் தொழிலாளர் சங்கச் செயலாளராக நீங்கள் போட்ட நோட்டீஸ் கிடைத்தது. நெருக்கடி நிலைக்குப் பணிந்து வேலைநிறுத்தத்தை முடித்தீர்களே, அதே நோட்டீஸ். நான் இப்போது பழைய அரசியல் அறிக்கைகளில் வார்த்தைகளைக் கறுப்பு மையால் அடித்து, மிஞ்சுவதைக் கவிதையாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தையும் சேர்க்கக் கூடாது, இடம் மாற்றவும் கூடாது. உங்கள் பன்னிரண்டு வரிகளில் மூன்று வார்த்தைகளை மட்டும் விட்டேன்: "தோழர்களே... இருக்குமிடம்... சொல்லிவிடுங்கள்."

தொகுப்பின் முதல் பக்கமே இதுதான். நகல் வைத்திருக்கிறேன். எப்படி இருக்கிறது?

அன்பு மகள்,
ரஞ்சிதா

சேந்தமங்கலம்
11.8.2025

ரஞ்சிதா சாமிக்கு, பெரியப்பாவின் ஆசிகள்.

இங்கே எல்லோரும் நலம். மழைதான் ஏமாற்றுகிறது.

கவிதை எனக்குப் பிடிபடவில்லை. "ஒழுங்கு இருக்குமிடம் தேடி உயர்வு வரும், கலகம் தூண்டுவோரைக் கண்டால் அஞ்சாமல் சொல்லிவிடுங்கள்" என்றுதான் அதில் இருக்கிறது. அதுவும் போலீஸ்காரர்கள் எழுதிக் கொடுத்த வாசகம். அத்தனை வார்த்தைகள் இருக்க, இந்த மூன்றை மட்டும் விடச் சொன்னது யார்? தேர்தல் வேறு வருகிறது. யாராவது உன்னைத் தேடி வந்தார்களா? மருமகள் தனப்பிரியாகூடப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாமா, அக்கா எதையோ தோண்டறாங்க. பாத்து எழுதுங்க" என்கிறாள்.

அசல் நோட்டீஸை எனக்கு அனுப்பிவிடு.

ராசப்பன்

ஓமலூர்
17.8.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

கவிதை எப்படி என்று கேட்டால் விசாரணை வைக்கிறீர்களே! யாரும் வரவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அந்த மூன்று வார்த்தைகளும் அம்மாவின் குரல். நெருக்கடி நிலையில் தலைமறைவாக இருந்த அப்பாவைப் பிடித்துப் போன பிறகு எந்தச் சிறை என்றுகூடத் தெரியாமல் நான்கு மாதம் கண்டவரையெல்லாம் கேட்டு அலைந்தாளே, அதுதான்.

படித்துக் காட்டினேன். அழுதாள். அப்புறம் வழக்கம்போலத் தன் தம்பி சடையன் மாமாவைத் திட்டத் தொடங்கினாள். "உங்கப்பன் ஒளிஞ்சிருந்த எடத்துக்குச் சோறு கொண்டுபோனது அவன் ஒருத்தன்தான். வேற எவன் காட்டிக் குடுத்திருப்பான்?" ஐம்பது வருடமாக மாமா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. என் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரைக்கூட அவர் இடத்தில் நின்று நீங்கள்தானே கொண்டுவந்தீர்கள்?

நோட்டீஸைத் தர மாட்டேன். அது அப்பா பத்திரமாக வைத்திருந்தது. உங்களுக்கு எதற்கு?

அன்பு மகள்,
ரஞ்சிதா

சேந்தமங்கலம்
25.8.2025

ரஞ்சிதா சாமிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. வயதானால் எதைக் கண்டாலும் சந்தேகம்.

சடையனைத் திட்ட வேண்டாமென்று உன் அம்மா அத்தாயியிடம் சொல். பதினெட்டு வயதுப் பையன், போலீஸ் அடித்தால் என்ன செய்வான்? உன் அப்பன் காளிதாஸும் தப்பியிருக்க முடியாது. அந்தக் கிணற்று மோட்டார் ரூமில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது, கதவும் உள்ளே தாழ்ப்பாள் இல்லாத கதவு. நடந்தது நடந்துவிட்டது.

அந்த நோட்டீஸைத் தொகுப்பில் சேர்க்காதே. இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

ராசப்பன்

ஓமலூர்
29.8.2025

பெரியப்பாவுக்கு,

ஒரே ஒரு கேள்வி. அப்பா ஒளிந்திருந்த இடமே தெரியாது, அப்போது நாமக்கல்லில் இருந்தேன் என்றுதானே எங்களிடம் எப்போதும் சொல்வீர்கள்? அப்பாவைப் பிடித்த மறு வாரமே தோட்டத்துச் சொந்தக்காரர் பயந்துபோய் அந்த ரூமை இடித்துவிட்டார். ஜன்னல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை என்று நீங்கள் எப்போது பார்த்தீர்கள்?

அப்பா சொன்னார் என்று எழுதினால்கூட நம்பிவிடுவேன். என் சந்தேகம் தப்பென்றால் திட்டி எழுதுங்கள். திட்டு வாங்கத்தான் ஆசையாக இருக்கிறது.

ரஞ்சிதா

சேந்தமங்கலம்
14.9.2025

சாமி,

உன் அப்பா சொன்னதாகவே இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

போலீஸ் ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து வழி காட்டியவன் நான்தான். அன்று ஸ்டேஷனில் உன் பெரியம்மா சென்னியம்மாளை உட்கார வைத்திருந்தார்கள். அவள் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. காளிதாஸை இரண்டு நாளில் விட்டுவிடுவோம் என்றார்கள், நம்பினேன். பதினோரு மாதமாயிற்று. பழி சடையன் மேல் விழுந்தபோது நான் வாய் திறக்கவில்லை. பிறகு திறக்க முடியவில்லை. சடையன் தூக்க வேண்டிய சீர்த்தட்டை உன் கல்யாணத்தில் நானே தூக்கினேன்.

அத்தாயிக்கு இதைப் படித்துக் காட்டுவதானால், ஜீப் வருகிற அந்த வரியை மட்டும் உன் மையால் அடித்துவிட்டுப் படி. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பாவி,
ராசப்பன்

ஓமலூர்
21.9.2025

திரு. ராசப்பன் அவர்களுக்கு,

நான் எதையும் அடிக்கவில்லை. அம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். பெரியம்மாவை ஸ்டேஷனில் உட்கார வைத்த இடம் வந்ததும், "பாவம் புள்ளத்தாச்சி" என்றாள்.

மறுநாள் காலையில் மாமாவின் ஊரான இளம்பிள்ளைக்குப் போனோம். சடையன் மாமா தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். "உள்ள வாக்கா" என்றார். அம்மா உள்ளே போகாமல் படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் கத்துவார், உங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"மாமா சாகறதுக்கு முந்தி இது அவருக்குத் தெரிஞ்சுதாக்கா?"

சடையன் மாமா பேரை எடுத்தாலே கடைசி நாள் வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அப்பா. தெரியாமலேதான் போனார்.

அந்தப் பதிலை நீங்களே இளம்பிள்ளைக்குப் போய் அவரிடம் சொல்லுங்கள். எனக்கு இனி எழுத வேண்டாம்.

காளிதாஸ் மகள்
ரஞ்சிதா