பள்ளிவாசலில் ஒட்டிய முதல் வரி

கிண்ணியா,
வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி ரிஷாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோர்வேயில் குளிர் குறைந்ததா? உம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. உன் பெண்சாதி ரிப்காவும் சுகம். ஐந்தாம் மாதத்தில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அதைப் பற்றித்தான் இந்த மின்னஞ்சல். போனில் கேட்டால் நீ கதையை மாற்றுகிறாய்.

நம் களப்புச் சேற்றில் பொறுக்கும் மட்டிச் சிப்பியைப் பற்றிய உன் ஆய்வு வெளிவந்தது ஊருக்கே பெருமை. சஞ்சிகைக்காரர்கள் சுருக்கத்தை மட்டும் இலவசமாக விட்டு மிச்சத்தைக் காசு கட்டினால்தான் திறக்கும்படி பூட்டிவிட்டார்கள். சுருக்கத்தின் முதல் வரி, மட்டி சத்து நிறைந்த உணவு என்கிறது. முத்தலிப் மாஸ்டர் அதைத் தமிழாக்கிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டினார். மற்ற வரிகள் "ஆராயப்பட்டது", "விவாதிக்கப்படுகிறது" என்றே போவதால் ஊருக்குத் தேவைப்படாது என்று விட்டுவிட்டாராம். மட்டி பொறுக்கும் பெண்கள் இப்போது "ரிஷாத் சேர் எழுதின மட்டி" என்று கூவி விற்கிறார்கள்.

நான் சுருக்கத்துக்குக் கீழேயும் பார்த்தேன். தேடுவதற்கான சொற்கள் என்று போட்டிருந்தது: மட்டி, களப்பு, ஈயம், கர்ப்பிணிகள். அதன் பிறகு பூட்டு.

போன வாரம் திருகோணமலையில், துறைமுகம் தெரியும் ஹோட்டலில், ஆய்வுகளை மக்களுக்குத் திறந்துவிடும் தேசியக் கொள்கை பற்றி ஒரு கூட்டம். பிரசவம் பார்க்கும் மருத்துவமாது என்று என்னையும் அழைத்திருந்தார்கள். அரசு நிதியில் நடந்த எந்த ஆய்வும் மறைக்கப்படக் கூடாது என்றார்கள். கொள்கையின் வரைவைக் கேட்டேன். "அது இரகசியம் மிஸ், இப்ப காட்ட ஏலாது" என்றார் அதிகாரி. அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

ரிப்காவிடம் மட்டியை நிறுத்தச் சொன்னேன். "ஏன் மதினி, உங்கட தம்பி பொய் எழுதுவாரோ?" என்று கேட்டுவிட்டு இன்னும் ஓர் அகப்பை போட்டுக்கொண்டாள்.

முழு ஆய்வையும் அனுப்பச் சொன்னால், உன் பேராசிரியரிடம் கேட்க வேண்டும் என்கிறாய். கேட்பவருக்கு எழுதியவர் ஒரு பிரதி அனுப்பலாம் என்று முன்பு நீதான் சொன்னாய். நான் கேட்கிறேன். அதுவும் ஏலாதென்றால் ரிப்காவுக்கு ஒரு போன் கோல் எடு. காரணம் வேண்டாம், சாப்பிடாதே என்று மட்டும் சொல். நீ பேசாமல் இருப்பதை, மட்டியில் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை. ஆனால் ஈயம் என்று நான் சொன்னதும் போனில் நீ மூச்சை அடக்கியது எனக்குக் கேட்டது.

அல்லாஹ் உன்னையும் அவளையும், இன்னும் பெயர் வைக்காத உன் பிள்ளையையும் காப்பானாக. குசினியில் மட்டிச் சட்டி அடுப்பேறிவிட்டது, தம்பி.

உன் ராத்தா,
நபீஸா