எண்ணெய்க் கிணற்றில் தண்ணீர் அளந்தவனுக்கு

என் தங்க மருமகனே, பாதாள லோகத்துக்கே நாடி பார்த்த கதிர்வேலா,

நலமா என்று கேட்க மாட்டேன். உன்னைக் கொண்டுபோன மலைக்காய்ச்சல் அங்கே இல்லை என்பது மட்டும் நிச்சயம். இங்கே பினாங்கில் உன் மாமன் நான் போன வாரம் எதிர்க்கரை பட்டர்வொர்த் ஊர்ப் படையையே எதிர்த்து யுத்தம் நடத்தினேன். எதிரிகள் ஒரு லட்சம் பேர். சரி, நான்கு பேர்.

உன் தங்கை செல்லத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள். பாயில் அமர்ந்து, வெற்றிலையைத் தொடாமலே மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார்: "பொண்ணோட அண்ணன் சுமத்திராவுல தண்ணியிலேயே கிடந்து செத்தான்னு பேசிக்கிறாங்களே, மெய்யா?"

உன் அம்மா தலை குனிந்துகொண்டாள். கதையைக் கிளப்பியது யார் தெரியுமா? நீதான்! விடுமுறையில் வந்தபோது, "எனக்கு அங்க காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் தண்ணிதான்" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டாயே. எண்ணெய் தேடுகிறவன் தண்ணீரை ஏன் அளக்க வேண்டும் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியும்?

"அவன் குடிச்ச தண்ணி இல்லய்யா, அளந்த தண்ணி!" என்றேன். துளை போட்ட இடங்களில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறி நிற்கிறது என்று நீ பார்ப்பதைச் சொன்னேன். உயர நிற்கும் பக்கத்திலிருந்து தாழ நிற்கும் பக்கத்துக்குப் பூமிக்குள்ளேயே தண்ணீர் நகரும். போகிற போக்கில் எண்ணெயையும் தள்ளும். அது எங்கே சிக்கி நிற்கும் என்று கணிப்பதே உன் வேலை என்றேன்.

பெரியப்பா சிரித்தார். "மண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி தானா மேல ஏறுமாம்லா!"

விடுவேனா? ஆறிப்போன காப்பி இருந்த கெண்டியை எடுத்தேன். "பாருங்க, வயித்துல எவ்வளவோ மூக்குலயும் அவ்வளவு. இப்ப அழுத்தம் குடுக்கிறேன்." கெண்டியின் கழுத்தில் வாய் வைத்து ஊதினேன். மூக்கு வழியே சீறிய காப்பி பெரியப்பாவின் வெள்ளைச் சட்டையில் சுமத்திராவின் வரைபடத்தையே எழுதிவிட்டது.

"பைத்தியக்கார வீடு!" என்று அவர் எழுந்தார். மாப்பிள்ளை மட்டும் குனிந்து கெண்டியைப் பார்த்தான். "அப்ப தண்ணி எந்தப் பக்கம் நகருதுன்னு தெரிய ஒரு துளை பத்தாது, இல்லையா மாமா?"

நீயே கேட்டது போலிருந்தது.

நேற்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து சேதி வந்தது. சம்மதமாம். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் உன் பெயர் வேண்டாமாம், பேச்சு வளருமாம். அரிசி புடைத்துக்கொண்டிருந்த செல்லம் முறத்தைக்கூட நிறுத்தவில்லை. "அண்ணன் பேரு இல்லன்னா கல்யாணமும் இல்ல மாமா. சொல்லிடுங்க."

சொல்லி அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. நல்ல பையன், அதுதான் வலிக்கிறது. நாங்கள் செய்தது சரிதானா, கதிரு?

சரியோ தப்போ, வாக்குத் தருகிறேன். இந்த மாப்பிள்ளை வந்தாலும், வேறு எவன் வந்தாலும், பத்திரிகையில் "சுமத்திரா எண்ணெய்க் கிணறுகளில் தண்ணீர் அளந்த கதிர்வேலுவின் தங்கை" என்றுதான் அச்சேறும். அதில் 'தண்ணீர்' மட்டும் யானை அளவு எழுத்தில். சிரிக்கிறவன் என் முகத்துக்கு நேரே வந்து சிரிக்கட்டும்.

இன்னும் வாய் அடங்காத,
உன் தாய்மாமன்