உங்கள் பீங்கானில் நான் போட்ட சோறு

அக்கா,

நேற்று என் மூத்த மகள் பட்டணத்துக் கடையிலிருந்து ஒரு தகரப் பிஸ்கட் பேணி வாங்கி வந்தாள். இப்போது கடைகளில் எல்லாம் கிடைக்கிறது. கப்பல் கப்பலாக வெளிநாட்டுச் சாமான் வந்து இறங்குகிறது. பேணியின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்ததும் வெண்ணெயும் சீனியும் கலந்த வாசம் எழும்பி முகத்தில் அடித்தது. பேரப்பிள்ளைகள் கையை நீட்டினார்கள். எனக்கு மட்டும் வாய் கசந்தது. அது உங்கள் அலுமாரியின் வாசம்.

நீங்கள் செத்து ஒரு வருசம் ஆகப்போகிறது. செத்தவர்களைப் பற்றி நல்லதே சொல்ல வேண்டும் என்பார்கள். அதைச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மற்றதைச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.

என் புருசனின் தமையனுக்கு வாழ்க்கைப்பட்டவர் நீங்கள். ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு மருமக்களில் மூத்தவர். அந்த முறையில்தான் அக்கா என்றேன். வாய் பழகிவிட்டது, மனம் பழகவில்லை.

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, டொக்யாட் என்ற கப்பல்துறையில் வேலை செய்த எத்தனையோ பேரைப் போல என் புருசனும் வீட்டில் இருக்க வேண்டி வந்தது. கயிறும் பெயின்டும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் வேலை. வேலை போனதோடு குடியிருந்த குவாட்டர்ஸும் போயிற்று. இரண்டு பெண் குழந்தைகளோடும் ஒரு தையல் மெசினோடும் உங்கள் உள்துறைமுக வீதி வீட்டுக்கு வந்தோம். அத்தான் கப்பல்களுக்குச் சாமான் கொடுத்துச் செழித்திருந்த காலம் அது. வேலை கிடைக்கும்வரை இரு தம்பி என்று கூப்பிட்டவர் அவர்தான். நல்ல மனுசன். ஆனால் அந்த வீட்டில் சோறு அவர் கையில் இருக்கவில்லை. உங்கள் அகப்பையில் இருந்தது.

குசினி வேலை முழுவதும் என்னுடையது. அரைத்தேன், இடித்தேன், மீன் வெட்டினேன். மேசைக்கு வந்ததும் அகப்பை உங்கள் கைக்குப் போய்விடும். உங்கள் பிள்ளைகளுக்குப் போட்டீர்கள். இவருடைய சாப்பாட்டுப் பீங்கானுக்கு வரும்போது ஒரு கரண்டி விட்டுவிட்டு, "காணுமோ?" என்பீர்கள். போதுமா என்று கேட்கிறவர் அகப்பையை முன்னுக்கு நீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். நீங்கள் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டீர்கள். இவரும் "காணும் மச்சாள்" என்பார். வேறு என்ன சொல்வார்? பிஸ்கட் பேணிகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்வீர்கள். என் சின்னவள் அந்தக் கதவில் மூக்கை வைத்து மணந்துகொண்டு நிற்பாள்.

ஆனால் உங்களைச் சிக்கனக்காரி என்று சொல்ல மாட்டேன். முருங்கைக்காயை எடுத்துவிட்டு இலையைக் குப்பையில் போட்டவர் நீங்கள். பால் பிழிந்த தேங்காய்ப்பூ கோழிக்கு, மீன்தலை பூனைக்கு, மிஞ்சிய சோறு வாய்க்காலுக்கு. எங்கள் பீங்கான் மட்டும்தான் உங்கள் கண்ணுக்குச் செலவாகத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் மறந்திருப்பீர்கள். சுங்கத்தில் வேலை செய்த ஒருவர் குடும்பத்தோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அவருடைய மனைவி சும்மா ஒரு பேச்சுக்கு, டொக்யாட் போனபிறகு உங்கட தம்பியாக்கள் என்ன செய்யினம் என்று கேட்டார். நீங்கள் இறைச்சிக்கறியை அவருக்குப் போட்டுக்கொண்டே சிரித்தபடி சொன்னீர்கள்.

"இவைக்கு இப்ப நாங்கள்தானே டொக்யாட்."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, நீங்கள் சொன்ன விதம் சிரிப்பு வரும் விதம். இவர் கையில் ஒரு பிடி சோறு இருந்தது. அதை வாயில் வைத்து மென்று விழுங்கிவிட்டு எழுந்து கை கழுவினார். அதன்பிறகு உங்கள் மேசையில் அவர் இராச்சாப்பாடு சாப்பிடவில்லை. வேலை தேடிப் போன இடத்தில் கடையில் சாப்பிட்டுவிட்டேன் என்பார். நானும் நம்பினேன். ஒருநாள் காலையில் கிணற்றடியில் வாளி இழுத்துக்கொண்டு நின்றவர் அப்படியே சாய்ந்தார். பக்கத்து டிஸ்பென்சரியில் இருந்து வந்த அப்போத்திக்கரி ஐயா நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த மனுசனுக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, ஒழுங்காகச் சாப்பிடக் கொடு என்றார்.

நீங்கள் வாசலில் நின்று, வெயிலுக்கு வந்த மயக்கம் என்று அயலவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அன்று பின்னேரமே பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போனேன். வாசலில் நின்று கும்பிட்டேன். வேலை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. இந்தப் பொம்பிளை ஒருநாள் பசியோடு என் வீட்டுக்கு வரவேண்டும், நான் போட அவ சாப்பிட வேண்டும், அதை இவர் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அந்தக் கிழமை ஏழு நாள் முடியமுன்பே தையல் மெசினையும் பிள்ளைகளையும் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கடற்கரையோர உப்புவெளிக்கு வந்துவிட்டோம். ஓலைக் கூரை போட்ட வாடகை வீடு. உப்புக் காற்று, ஒரு கிணறு, வேலி நிறைய முருங்கை. மாதம் முடியமுன் திரும்பி வருவினம் என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

அந்தச் சொல்தான் என் குசினியை நடத்தியது அக்கா. சந்தியில் இவர் சைக்கிள் திருத்தும் கொட்டில் ஒன்று போட்டார். பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் அந்த வழியால் சைக்கிளில்தான் போவார்கள். வருமானம் ஒருநாள் இருக்கும், ஒருநாள் இராது. நான் ஒன்றை மட்டும் முடிவு செய்தேன். என் வீட்டில் ஒருவருடைய பீங்கானும் குறையக் கூடாது. குறைப்பதை வேறு எங்காவது குறைப்பேன்.

காலையில் கரைவலை இழுத்து முடித்து முதலாளிமார் பெரிய மீனை ஏற்றிக்கொண்டு போனபிறகுதான் நான் கரைக்குப் போவேன். மிஞ்சிக் கிடக்கும் சூடைமீனும் கீரிமீனும் துள்ளத் துள்ள மலிவாகக் கிடைக்கும். கூடுதலாக வாங்கினால் உப்பிட்டுப் பாயில் காய வைப்பேன். தேங்காயின் முதல் பாலைக் கறிக்கு வைத்து, இரண்டாம் பாலில் கிழங்கை அவிப்பேன். பிழிந்த பூவைச் செத்தல் மிளகாயோடு வறுத்து இடித்தால் ஒரு கிழமைக்குச் சம்பல். சிரட்டை அடுப்புக்கு, சாம்பல் பாத்திரம் துலக்க. குளிக்கிற தண்ணீர் வாய்க்காலில் ஓடி வாழைக்கும் பசளிக் கீரைக்கும் போனது. கிணற்றடி ஈரத்தில் பொன்னாங்காணி தானாகவே படர்ந்தது. வேலியில் ஒடித்த இலைகுழை தின்று ஒரு ஆடு பால் தந்தது. சீனி இல்லாத நாளில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். பிறகு சீனி கிடைத்த நாளிலும் அதுவே பிடித்துப்போயிற்று. இவருடைய சட்டைக் கொலர் நைந்தால் பிரித்து மறுபக்கம் திருப்பித் தைப்பேன். நடு நைந்த படுக்கை விரிப்பை இரண்டாகக் கிழித்து, ஓரங்களை நடுவுக்கு வைத்து மூட்டுவேன்.

இவையெல்லாம் பெரிய வித்தை இல்லை, இந்தக் கரையில் பல வீடுகளில் நடப்பதுதான். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, விடாமல் செய்தது. ஒருநாள் அலுப்பில் கிழங்கு அவிக்காமல் பேக்கரிப் பாண் வாங்கலாமா என்று நினைப்பேன். உங்கள் சிரிப்பு ஞாபகம் வரும். எழுந்து அடுப்பை மூட்டுவேன். சாயந்தரத்தில் நால்வரும் கடற்கரைக்கு நடந்துபோய்க் காலை நனைத்துவிட்டு வருவோம். திரும்பி வந்து விரிப்புப் போட்ட மேசையில் ஒன்றாக இருந்து வயிறு நிறையச் சாப்பிடுவோம். பார்க்கிறவர்கள் எங்களை வசதியான ஆட்கள் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டேன். அந்தக் கதை உள்துறைமுக வீதிவரை போகும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பஞ்சம் வந்தது. வெளியிலிருந்து சாமான் வருவது நின்றது. பாணுக்கு விடியமுன் வரிசை. அரிசியை ஒரு மாவட்டத்தில் இருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக விடவில்லை. அத்தானுடைய கடையில் சாமான் அடுக்கும் தட்டுகள் வெறுமையாகின. அந்த ஏக்கத்திலேயே அவர் படுக்கையில் விழுந்தார். பேணியைத் திறந்து சமைக்கப் பழகிய வீடு உங்களுடையது. பேணி இல்லாத நாளில் என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பஞ்சம் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போல வந்துபோனது.

ஒருநாள் மத்தியானம் உப்புவெளிச் சந்தியில் நீங்கள் பஸ்ஸால் இறங்கி வந்தீர்கள். கையில் மடித்த துணிப்பை. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தனான் என்றீர்கள். கழுத்து எலும்பு தெரிந்தது. நான் காளியை நினைத்துக்கொண்டேன்.

கதிரையை இழுத்து உங்களை மேசையில் இருத்தினேன். கொட்டிலுக்கு ஆள் அனுப்பி இவரைக் கூப்பிட்டு உங்களுக்கு எதிரே இருத்தினேன். மரவள்ளிமாப் பிட்டு, சூடைமீன் புளிக்கறி, முருங்கையிலை வறை, பொன்னாங்காணிச் சொதி, இடித்த சம்பல். நீங்கள் மேசையைப் பார்த்தீர்கள்.

"இதெல்லாம் எங்க எடுத்தனீர்?"

"கடையில இல்ல அக்கா. வளவுக்குள்ளயும் கடலுக்குள்ளயும் எடுத்தனான்."

முதலில் இவருக்குப் போட்டேன். மீண்டும் போட்டேன். அவர் கையால் மறித்த பிறகும் போட்டேன். பிறகு உங்கள் பீங்கானைக் குவித்துவிட்டு, அகப்பை நிறையக் கறியை முன்னுக்கு நீட்டிக்கொண்டு, உங்கள் குரலிலேயே கேட்டேன். "காணுமோ அக்கா?"

உங்கள் கை நடுவில் நின்றது. உங்களுக்கு விளங்கிவிட்டது. எழுந்து போவீர்கள் என்று நினைத்தேன். இவர் எழுந்தாரே அதுபோல. நீங்கள் எழும்பவில்லை. குனிந்து சாப்பிட்டீர்கள், கடைசிப் பிட்டுத் துகள்வரை. அந்தச் சுவையைப் போல ஒரு சுவையை நான் என் வாழ்வில் ருசித்ததில்லை. நான் அன்று சாப்பிடவே இல்லை, ஆனாலும் வயிறு நிறைந்திருந்தது.

நீங்கள் போனபின் இவர் முகம் கறுத்திருந்தது.

"சாப்பிடுற ஆளிட்ட அப்பிடிக் கேக்கிறதே?"

"நான் போட்டிட்டுத்தானே கேட்டனான்."

அன்று நீங்கள் புறப்பட்டபோது உங்கள் துணிப்பையில் கிழங்கும் கருவாடும் இலையும் நிரப்பிச் சந்திவரை நானே தூக்கி வந்தேன். யாருக்கும் தெரியாமல் கொடுப்பதுதான் தர்மம் என்பார்கள். நான் தர்மம் செய்யவில்லை. பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் பார்க்கத்தான் கொடுத்தேன். அடுத்த கிழமையும் வந்தீர்கள். பிறகு கிழமை தவறாமல் வந்தீர்கள். ஒருநாளாவது எப்படிச் செய்கிறாய் என்று கேட்டிருந்தால் சொல்லித் தந்திருப்பேன். நீங்கள் கேட்கவில்லை, பையை மட்டும் நீட்டினீர்கள். நானும் நிரப்பிக்கொண்டே இருந்தேன். உங்கள் மேல் இரக்கப்பட்டதாக ஊர் சொன்னது.

அத்தான் போனார். பஞ்சமும் போனது. போன வருசம் நீங்கள் படுக்கையில் விழுந்தபோது கஞ்சி காய்ச்சிக்கொண்டு பஸ்ஸில் வந்து ஊட்டியதும் நான்தான். எனக்கு ஒரே ஒரு சொல் தேவைப்பட்டது. உன்ட புருசனைப் பட்டினி போட்டனான் என்று நீங்கள் ஒருமுறை சொல்ல வேண்டும். அதற்காகவே தினமும் வந்தேன். அன்று உங்கள் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"கஞ்சியில உப்புக் குறைவு" என்றீர்கள்.

அடுத்தநாள் போய்விட்டீர்கள். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். என்னுடையது ஆத்திரத்தில் வந்த அழுகை. பழி முடியமுன் எமன் ஆளைக் கொண்டுபோய்விட்டானே என்று.

விட்டுவிடு என்கிறார் இவர். அவருக்கு முடிகிறது. இப்போதும் கொட்டிலில் இருந்து கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டுச் சிரிக்கிறார். எனக்கு ஏலாது அக்கா. இருபது வருசத்துக்கு மேலாக என் அடுப்பை எரித்தது அந்தக் கோபம். அதை அணைத்துவிட்டு எதில் சமைப்பது?

ஒரு செய்தி சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுத் திறப்புக் கொத்து இப்போது உங்கள் மருமகளின் இடுப்பில் இருக்கிறது. உங்களிடம் நன்றாகப் படித்திருக்கிறாள். போன மாதம் உங்கள் கடைசி மகள் வசந்தா ஒரு பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். கலியாணமாகாத பெண், தமையன் வீட்டில் பீங்கான் குறையத் தொடங்கினால் எங்கே போவாள்? சின்னம்மா, இஞ்ச கொஞ்சநாள் இருக்கட்டோ என்றாள். அதற்குமேல் அவளைப் பேச விடவில்லை. உள்ளே கூட்டிவந்து சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள்.

இப்போது சூடை கழுவப் பழகிவிட்டாள். கரைவலை இழுத்து முடிகிற நேரம் அவளுக்குத் தெரியும். ஆட்டுக்கு அவளே குழை ஒடிக்கிறாள். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. சிரித்தால் உங்களைப் போலவே இருக்கிறாள், அதைப் பொறுத்துக்கொள்கிறேன். இதைவிடப் பெரிய பழி எனக்குத் தெரியவில்லை.

இன்று காலையில் நான் குசினியில் நின்றேன். அவள் கிணற்றடியில் இருந்து, கைத்தவறுதலாக எதையோ விட்டதுபோல, வாய் தவறி என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள்.

நான் திருத்தவில்லை அக்கா. "ஓம் பிள்ளை" என்று குரல் கொடுத்தேன்.