அரைக் குடம் போதும்

ஏனுங்க,

காரமடைக்குத் தங்கச்சி ஊட்டுக்குப் போறேன், பொழுதோட வந்துருவேன். சோறும் கொள்ளுப் பருப்பும் மூடி வெச்சிருக்கேன். முட்டை அவிச்சிருக்குது, பூனைக்குப் போட்டுறாதீங்க.

நேத்துக் குழாயடியில, "தொடை வத்திப்போன மனுசனுக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு நாலு பேர் முன்னால உங்க கையிலிருந்து குடத்தைப் புடுங்கிப்போட்டேன். ராத்திரி நீங்க செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டீங்க.

காலையில சன்னல் வழியாப் பார்த்தேனுங்க. கால் பலத்துக்கு டாக்டர் சொன்னபடி கையை நெஞ்சோட கட்டிக்கிட்டு நாற்காலியிலிருந்து எந்திரிக்கப் பார்த்தீங்க. பாதியில தொப்புன்னு உக்கார்ந்தீங்க. நான் ஓடி வர்றதுக்குள்ள, கால் நடுங்க நடுங்க மறுபடியும் எந்திரிச்சு நின்னுட்டீங்க. தறிப்பட்டறையில நூல் சுத்துன பாவு பீமைத் தோள்ல தூக்கிட்டு நடந்தப்பக்கூட உங்களை நான் இப்படி நின்னு பார்த்ததில்லை. அப்பத் தூக்குனது வயசுங்க. இன்னைக்கு எந்திரிச்சது நீங்க.

உக்கார்ந்தே இருந்தா இருக்கற சதையும் கரைஞ்சுரும்னு அந்த டாக்டர் சொன்னது நெசந்தான். பத்து மணிக்குக் குடிதண்ணி வரும். குடத்தை வாசல்லயே வெச்சிருக்கேன்.

நம்ம மக கோகிலா வந்தா குடத்தைத் தூக்க ஓடுவா. அம்மா தொடக்கூடாதுன்னு சொல்லிட்டான்னு சொல்லுங்க.

இன்னொண்ணு. மொதல்ல அரைக் குடம் போதுங்க. சாயங்காலம் வந்து நான் அந்தத் தண்ணியத்தான் குடிப்பேன்.