மோட்டார் ஏன் இழுக்கவில்லை

அன்பு மகள் உலியானாவுக்கு அப்பா சவேலி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். நீ இருக்கிற தூரினுக்குப் பார்சல் எடுத்துப்போகிற வேன் இந்த வாரம் கிளம்புகிறது, அதில் உப்புக் கெண்டையும் உன் அம்மா பின்னிய காலுறையும் வருகின்றன, காலுறையில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும், அவளிடம் அதைச் சொல்லிவிடாதே. போனில் எனக்குப் பேச வராது, வந்தாலும் உன் அம்மா விடுவதில்லை, நீ எதைக் கேட்டாலும் நல்லா இருக்கோம் நல்லா இருக்கோம் என்று அவளே முடித்துவிடுகிறாள். போன தடவை நீ, "ஒரு மோட்டார ரிப்பேர் பண்ண ஒரு கோடை முழுக்கவா ஆகும், அம்மா கண்ணு போச்சுன்னா யாருப்பா பதில் சொல்றது" என்று கத்தினாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் இல்லை, கண்ணு. நீ கேட்டது நியாயம்தான். பதில்தான் கொஞ்சம் நீளம்.

துல்சியா பட்டணத்துக் கண் டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், மாதம் தவறாமல் உன் அம்மாவின் கண்ணுக்குள் ஊசி போட்டால் இருக்கிற பார்வை நிற்கும், விட்டால் போய்விடும் என்று. அந்தப் பட்டணத்துக்குக் கப்பல் ஏறுகிற துறைக்கு நமக்கு வேறு வழியா இருக்கிறது, ஏரியைத் தாண்டி நாணலுக்குள் வாய்க்கால் பிடித்துப் பெரிய ஆற்றுக்கு இறங்கவேண்டும், கப்பல் யாருக்காகவும் நிற்காது. படகு மோட்டார் என்ன செய்தது தெரியுமா, கரையில் கட்டிப்போட்டு ஓடவிட்டால் குறை சொல்ல முடியாது, சமர்த்தாக ஓடும். ஏரிக்குள் போய்க் கைப்பிடியை முறுக்கினால்தான் இருமும், திணறும், படகு எருமை மாதிரி நகரும். முதல் தடவை ஆற்றுக்கு வந்து சேர்ந்தபோது கப்பலின் முதுகைத்தான் பார்த்தோம். அடுத்த தடவை அதற்கென்றே விடியும் முன்னே கிளம்பினோம், ஏரி நடுவில் நின்றே போய்விட்டது, துடுப்புப் போட்டுத் திரும்பி வந்தேன். உன் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. உன் ஞானத்தகப்பன் டெரெந்தியும் நானும் அந்தக் கிழட்டு மோட்டாரை எத்தனை தடவை கழற்றினோம் என்று அவனைக் கேட்டுப் பார். முதலில் தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறியில் பாசி சுற்றியிருக்கும் என்று பார்த்தோம், இல்லை. பிளக்கைக் கழற்றிச் சுரண்டினோம், பிறகு புதிது போட்டோம், நெருப்பு நீலமாகத்தான் தெறித்தது. டேங்க் மூடியில் காற்றுத் திருகு அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காது என்று அதையும் திறந்துவிட்டு ஓட்டினோம். குழாயில் அமுக்குகிற ரப்பர் உருண்டை வெடித்திருந்தது, மாற்றினோம், அப்பாடா என்று கிளம்பினால் மறுபடி அதே இருமல். விசிறியின் நடுவில் இருக்கிற ரப்பர் வழுக்குகிறது, எஞ்சின் சுற்றுகிறது விசிறி சுற்றவில்லை, அதுதான் விஷயம் என்று டெரெந்தி சத்தியம் செய்தான். பெயின்டால் குறுக்கே ஒரு கோடு போட்டு ஓட்டிப் பார்த்தோம், கோடு விலகவே இல்லை. "அண்ணே, இதுக்கு ஒரு நோவும் இல்லண்ணே, ஒங்க மேல கோவம், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அவன் வலை பார்க்கப் போய்விட்டான்.

இதற்குள் உன் அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். டெரெந்தி தன் படகில் கூட்டிப்போகிறேன் என்று வந்து நின்றான், இவள் நகரவில்லை. "ரெண்டு தடவ கடவுளே பாதியிலயே திருப்பி அனுப்பிட்டாரு, வேண்டாம்னுதானே அர்த்தம், மூணாவது தடவையும் போயி கதவத் தட்டச் சொல்றியா" என்றாள். அது என் மோட்டார் கோளாறு, அவன் படகுக்கு என்ன வந்தது என்று கேட்டேன். "கடவுளுக்கு எந்தப் படகுல எவ உக்காந்திருக்கான்னு தெரியாதா, கெழவா" என்றாள். உனக்குத் தெரியும், இவள் ஒன்று சொல்லிவிட்டால் பாதிரியாரே வந்தாலும் அசைக்க முடியாது. கெண்டை செதில் எடுக்கும்போது கத்தியைத் தடவித் தேடுகிறாள், தேநீர் ஊற்றினால் கோப்பைக்கு வெளியே போகிறது, கேட்டால் வெளிச்சம் பத்தவில்லை என்கிறாள்.

கடைசியாக ஒருநாள் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஊறுகாய்க் கண்ணாடி ஜாடியில் கவிழ்த்தேன். மேலே பெட்ரோல், அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. டேங்கைக் கவிழ்த்தால் அதிலும் அடியில் தண்ணீர். மெதுவாக ஓடும்போது எஞ்சின் மேலாப்பில் உறிஞ்சுகிறது, முறுக்கினால் அடியில் இருக்கிற தண்ணீரையும் சேர்த்து இழுக்கிறது, இருமாமல் என்ன செய்யும். எனக்கு வந்ததே கோபம், ஜாடியைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் விற்கிற கடைக்கார மித்ரோஃபானிடம் போனேன், ரொட்டி வாங்க வந்த பெண்கள் எல்லாரும் கேட்கும்படி, ஆற்றுத் தண்ணியை அளந்து விக்கிறியாடா, உன் தாடிக்கு இது அடுக்குமா என்று கத்தினேன். அவன் பாவம், நாங்க எல்லாரும் இதையேதான் ஊத்திக்கிறோம் மாமா, மத்தவங்க மோட்டாரு ஓடுதே என்று மட்டும் சொன்னான். அந்த வார்த்தைதான் என்னை உறுத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் டேங்கைத் துடைத்துப் புதுப் பெட்ரோல் ஊற்றி வைத்துவிட்டு, வலை எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் உன் அம்மா படகில் குனிந்து நிற்கிறாள். ஒரு கையால் டேங்க் வாயைத் தடவிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஞானஸ்நானத் திருநாளன்று பாதிரியார் மந்திரித்த ஆற்றிலிருந்து எடுத்துவந்து சாமி படத்தின் கீழே வைத்திருக்கிறோமே, அந்தத் தீர்த்தப் பாட்டிலைச் சாய்க்கிறாள். நம் ஊரில் யார்தான் செய்வதில்லை, எல்லாப் பெண்களும் மோட்டாருக்கு ஒரு சொட்டு விடுகிறவர்கள்தான், இவளும் எத்தனையோ வருஷமாக ஒரு சொட்டு விட்டுக்கொண்டுதான் இருந்தாள், மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது சொட்டு அவள் கண்ணுக்குத் தெரியவில்லை, உலியானா. விழுந்ததோ இல்லையோ என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சாய்த்துக்கொண்டே இருக்கிறாள். களகளவென்று உள்ளே போகிற சத்தம் எனக்குக் கரையில் கேட்டது. அவள் சிலுவை போட்டுக்கொண்டு, மூடியைத் தேடித் திருகிவிட்டு, வேலியைப் பிடித்தபடி வீட்டுக்குப் போனாள். நான் படகு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நீயே சொல், நான் என்ன செய்வேன். சொல்லாமல் விட்டால் கடவுள்தான் தடுத்தார் என்று வீட்டிலேயே உட்கார்ந்து கண்ணைத் தொலைத்துவிடுவாள். சொன்னால், தன் கையாலேயே தன் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன் என்று உடைந்துபோவாள். தினமும் வாயெடுப்பேன், முழுங்கிவிடுவேன். ஊசி நாள் நெருங்கிவிட்டது. அவள் முற்றத்தில் அவரை உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். கடவுள் ஒன்றும் நம்மைத் திருப்பி அனுப்பவில்லை பெலகெயா, டேங்கில் தண்ணீர் இருந்தது, உன் பாட்டில் தண்ணீர் என்றேன். உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. எழுந்து உள்ளே போய்விட்டாள், அழவில்லை, அழுதிருந்தால் எனக்குத் தேவலை.

மறுநாள் காலையில் கஞ்சியை முன்னால் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "எங் கண்ணுக்காக ஊத்துனேன்னு நெனச்சியா? எனக்கென்ன, ஊரே ஏறுற கப்பல்ல ராணி மாதிரி போறேன். என்ன எறக்கி விட்டுட்டு ஏரில ஒத்தையா திரும்பி வாறது நீதானே. போன கார்காலத்துல நடு ஏரில நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்தியே, டெரெந்தி சொல்லலன்னா எனக்குத் தெரியுமா அது? நீ வூடு வந்து சேரணும்னுதான்யா ஊத்துனேன்" என்றாள். ஆமாம் கண்ணு, நெஞ்சு வலித்தது உண்மைதான், வாயு என்று நினைத்து விட்டுவிட்டேன், நீ அங்கிருந்து பயப்படப் போகிறாயே என்று எழுதவும் இல்லை. நான் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்க, அவள், "நான் வாறேன். ஆனா நீயும் கப்பல்ல ஏறணும். ஊசி எனக்கு, நெஞ்சு ஒனக்கு. ரெண்டும் ஒரே ஆஸ்பத்திரிதான்" என்றாள்.

போனோம். சுத்தமான பெட்ரோலில் மோட்டார் புலி மாதிரி இழுத்தது, துறையில் கப்பலுக்காக நாங்கள் காத்திருந்தோம் என்றால் நம்புவாயா. வலது கண் இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். இடது கண்ணை நிறுத்திவிடலாம், ஆனால் ஒரு மாதமும் விடக்கூடாது என்றார். உன் அம்மா தலையாட்டினாள். என்னைப் பார்த்தவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார், பாரம் தூக்காதே என்றார், மோட்டார்க் கயிற்றை இழுத்துக் கிளப்புகிற வேலை இனிக் கூடவே கூடாது என்றார். ஊர் திரும்பியதும் மித்ரோஃபானிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், "அப்ப எம் பெட்ரோலுக்கு ஞானஸ்நானம் குடுத்தது ஒங்க வூட்லதானா மாமா" என்று சிரித்தான், கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

நீ புது மோட்டார் வாங்கித் தருகிறேன் என்றாய், வேண்டாம், இது நன்றாகவே ஓடுகிறது. துல்சியாவில் வீடு பார்க்கவும் வேண்டாம், அந்தப் பேச்சை எடுத்தால் அம்மா போனை வைத்துவிடுவாள். நீ அங்கே வேலைக்குப் பார்த்துக்கொள்கிற அந்தக் கிழவி அம்மாளைத் தனியாகத் தூக்கிப் படுக்கவைக்காதே, யாரையாவது துணைக்குக் கூப்பிடு, முதுகு போனால் வராது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது தண்ணீர் விஷயத்தை எடுத்து அவளைக் கடிந்துகொள்ளாதே, இதுதான் நான் உன்னிடம் கேட்பது.

கர்த்தர் உன்னை எல்லா நாளும் காக்கட்டும், உன் கையும் காலும் சுகமாக இருக்கட்டும். இதோ வேனுக்குப் பார்சல் கொடுக்கக் கிளம்புகிறோம், உன் அம்மா ஏற்கெனவே படகில் ஏறி உட்கார்ந்து கெழவா கெழவா என்று கூப்பிடுகிறாள். நான் போய்க் கயிற்றின் பிடியை எடுத்து அவள் கையில் வைக்கவேண்டும். இப்போதெல்லாம் அவள் இழுக்கிறாள், நான் ஓட்டுகிறேன்.

உன் அப்பா,
சவேலி