முதல் முடி எடுத்தவனுக்கு

லிபா,
6 மே 1992

அன்புள்ள கூம் கொன்ராட்,

நீயும் இல்ஸேயும் நலமா? நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கதோஷம். ஊர் திரும்பி ஆறு வருடமாகிறது, ஜெர்மன் பேசாமல் நாக்கில் துரு ஏறிவிட்டது. பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள், காகித ஆலையில் என் விடுப்புக் கடிதங்களைத் திருத்தின மாதிரி.

போன வாரம் விடிந்து பார்த்தால் நகரசபைக் கட்டடத்தில் செர்பியர்களின் கொடி பறக்கிறது. வாசலில் துப்பாக்கியோடு நின்றவர் நிஹாதுக்குக் கணக்கு சொல்லித்தந்த வாத்தியார். வானொலியில் தினமும் வேலை போனவர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள், எல்லாம் முஸ்லிம் பெயர்கள். இருபது வருடம் இங்கே மருத்துவமனையில் துணி துவைத்த என் ஹைரியாவையும் அனுப்பிவிட்டார்கள். "யாரோட ரத்தம்னு பாத்தா துவைச்சேன்?" என்று கேட்டுவிட்டு அவள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். இப்போது எங்கள் வீடுகளில் அடையாளத்துக்கு வெள்ளைத் துணி கட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஆற்றின் கீழ்ப்பக்கம் இரண்டு கிராமங்களில் ஆண்களை எல்லாம் பஸ்ஸில் ஏற்றிப்போனார்கள். பஸ் வெறுமையாகத் திரும்பி வந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மந்திரிக்கு எழுதச் சொல்லவில்லை. மந்திரிகளுக்குத் தெரியாமலா இருக்கும்? வருகிற பதினைந்தாம் தேதி ஆலையில் தொழிலாளர் கூட்டம். யார் வேண்டுமானாலும் எழுந்து ஐந்து நிமிடம் பேசலாம் என்பது சட்டம். நீ குழுவின் செயலாளர், மைக்கே உன் கையில்தான். இந்தக் கடிதத்தை வாசித்துவிடு. அறுநூறு பேர் கேட்டால் அறுநூறு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது பேச்சாகும். கீழே இருக்கிறவர்கள் பேச ஆரம்பித்தால்தான் மேலே இருக்கிறவன் நாற்காலியில் நெளிவான்.

நிஹாதுக்குப் பத்தொன்பது வயதாகிறது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. பிள்ளைக்கு முதல் முடி எடுத்தவன் கூம். ரத்த உறவு கைவிட்டாலும் அவன் கைவிட மாட்டான் என்பார்கள். அன்று விடுமுறைக்கு லிபா வந்து நீ கத்தரியைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்து ஹைரியா பிள்ளையின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாளே, நினைவிருக்கிறதா? அந்தக் காதுக்காரனுக்காகத்தான் கேட்கிறேன்.

பஸ் ஓட்டுகிற சுல்யோ இதைக் கொண்டுவருவான். பதிலை அவனிடமே கொடு, தபால் ஓடவில்லை.

உன்
எஷ்ரெஃப்


வால்ட்பெர்க்,
16 மே 1992

அன்புள்ள எஷ்ரெஃப்,

உன் கடிதத்தைப் படித்து இல்ஸே அன்று முழுதும் சாப்பிடவில்லை. சுல்யோவிடம் காப்பித்தூளும் சாக்லேட்டும் ஹைரியாவுக்கு முட்டிவலி மருந்தும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

நேற்று வாசித்தேன். முழுவதும் வாசித்தேன். இரைச்சலுக்குப் பழகிய நம் ஆட்கள் அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. வாசித்து முடித்ததும் அறுநூறு பேரும் எழுந்து நின்றார்கள். பொதி கட்டும் பிரிவு கெர்டா அழுதுவிட்டாள். பத்திரிகைக்காரர் ஒருவர் நகல் வாங்கிப்போனார். தலைநகருக்கு ஒரு குழு போவதாகப் பேச்சு. உலகத்துக்குத் தெரிந்துவிட்டது, இனி அவ்வளவு சுலபமாக யாரும் கை வைக்க முடியாது. அவசரப்பட்டு எங்கும் ஓடாதீர்கள். நிஹாதை இங்கே வரவழைக்கக் காகிதங்கள் தயாராகின்றன, ஒரு மாதம் பொறு.

அவனுடைய முடி இன்னும் கண்ணாடி அலமாரியில் தீப்பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது. இல்ஸே தூசி தட்டும்போதெல்லாம் எனக்குக் காட்டுவாள்.

உன் கூம்
கொன்ராட்


லிபா,
21 மே 1992

அன்புள்ள கூம்,

இதை எழுதும்போது எங்கள் வீட்டில் உட்கார இடமில்லை. உன் கடிதத்தைக் கேட்கத் தெருவே வந்திருக்கிறது. மூன்று முறை மொழிபெயர்த்து வாசித்தேன். நீ அனுப்பின காப்பி ஒரே நாளில் காலி. ஹைரியா முணுமுணுத்தாலும் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள்.

உன்னிடம் மறைப்பானேன். நிஹாதும் நண்பர்கள் மூன்று பேரும் இன்று மலைக்காடு வழியாகப் போவதாக இருந்தார்கள். மூட்டை கட்டி, காலணி நனையாமலிருக்கக் கொழுப்புகூடத் தடவிவிட்டான். நான்தான் தடுத்தேன். காட்டில் சுட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை, இங்கே இருந்தால் அறுநூறு பேர் கேட்பார்கள் என்றேன். பையன், "கூம் சொல்லிட்டாருன்னா இருக்கேன்ப்பா" என்று காலணியைக் கழற்றினான். மற்ற மூன்று பேரும் போய்விட்டார்கள்.

வெள்ளைத் துணி கட்டிவிட்டோம். இருப்பதிலேயே நல்ல படுக்கை விரிப்பைக் கட்டினேன் என்று ஹைரியா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

கெர்டாவுக்கு என் வணக்கம். அழுததற்கு நன்றி என்று சொல்.

உன்
எஷ்ரெஃப்


அகதிகள் விடுதி, பழைய பள்ளிக்கூடம்,
ஆல்ட்டன்பாக்,
22 பிப்ரவரி 1993

கொன்ராட்,

நான் உன் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன். செஞ்சிலுவைக்காரர்கள் என்னையும் ஹைரியாவையும் மூன்று வாரம் முன்பு இங்கே கொண்டுவந்தார்கள். நிஹாத் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக்கு வரத்தான் பஸ் ஏறினேன். வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஆலை வாசல் ரொட்டிக்கடையில் இறங்கினேன். அங்கே கெர்டா நின்றாள். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "உயிரோட இருக்கியா? எங்களுக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?" என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து, "எழுதினதக் கேட்டு நீதானே அழுதே" என்றேன். "எத? எப்ப?" என்றாள். மே மாதக் கூட்டத்தில் நீ பேசினாய், ஆனால் ஆலை உணவகத்தில் சூப்பின் விலை ஏறியதைப் பற்றி. அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவளும் கை தட்டினாளாம்.

வாங்கிய கேக்கைக் கடையிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நீ கடிதம் எழுதிய பத்தாம் நாள் பீரங்கி வந்தது. எங்களை ஒரு செங்கல் சூளையில் அடைத்தார்கள். எட்டுப் பேருக்கு ஒரு ரொட்டி. காவலாளி ஒருவன் தினமும் ஒரே கேள்வி கேட்பான்: "உங்களப் பத்திக் கேக்க எவன்டா இருக்கான்?" மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். நான் மட்டும் மனதுக்குள் அறுநூறு பேர் என்று சொல்லிக்கொள்வேன். நிஹாதிடமும் சொல்வேன். உன் பொய்யை அவனுக்கு ரொட்டியோடு சேர்த்து ஊட்டினேன், கொன்ராட்.

ஜூலை இருபத்து நான்காம் தேதி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு நாள் கழித்து வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள். வாசலில் நின்று பார்த்ததோடு சரி. மறுநாள் நாலு பேருக்கு ஒரு ரொட்டி வந்தது. அடிப்பது நின்றது. அந்தக் காவலாளி என் முகத்தைப் பார்க்காமல் நடந்தான். யாரோ இரண்டு பேர் வந்து பார்த்ததற்கே அவ்வளவு பயம் அவர்களுக்கு. எங்கள் அறையில் பதினோரு பேர் அதனால்தான் இன்று உயிரோடிருக்கிறார்கள்.

நீ வாசித்திருந்தால் பீரங்கி நின்றிருக்கும் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. ஆனால் கொல்கிறவன் முதலில் யாராவது பார்க்கிறார்களா என்றுதான் பார்க்கிறான். அங்கே உன்னைப் போன்றவர்கள் சூப்பின் விலையைப் பேசிக்கொண்டிருந்தீர்கள். அதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். "வாசிக்கலை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் என் பிள்ளை அன்றே காலணி கட்டியிருப்பான். போன மூன்று பேரும் பிழைத்துவிட்டார்கள். ஒருவன் வியன்னாவில் ரொட்டி சுடுகிறான்.

ஏன் செய்தாய்? இதற்கு மட்டும் பதில் எழுது.

எஷ்ரெஃப்


வால்ட்பெர்க்,
1 மார்ச் 1993

அன்புள்ள எஷ்ரெஃப்,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் குழுத்தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். ஆலையில் உங்கள் ஆட்கள் ஐம்பது பேர், செர்பியர்கள் நாற்பது பேர், நான் இதை வாசித்தால் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கத்தியை உருவுவார்கள் என்றார். "அவங்க ஊர்ச் சண்டை நமக்கெதுக்கு? இலையுதிர்காலத்துல உனக்குத் தேர்தல் வேற இருக்கு" என்றார். நான் மைக் முன்னால் போய் நின்றேன். கை பைக்குள் போனது. வாயில் சூப் வந்துவிட்டது.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் செய்யவில்லை என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் நடந்திருக்க வேண்டியதை நடந்ததாக எழுதினேன். எழுதும்போது அது நடந்த மாதிரியே எனக்கும் நிம்மதியாக இருந்தது. நிஹாத் அதைக் கேட்டு நிற்பான் என்று நினைக்கவில்லை. அவன் நின்றுவிட்டான் என்ற உன் கடிதம் கிடைத்தபோது சுல்யோவின் பஸ் ஓடவில்லை. அழைப்புக் காகிதங்களும் பொய்தான்.

வரும் பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை கூட்டம். பழைய தொழிலாளியாக உனக்கு இடம் கேட்டு வாங்குகிறேன். உன் கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன், அன்று மடித்தபடியே இருக்கிறது. நீ வாசி. நான் உன் பக்கத்தில் நின்று, செய்ததை எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். தேர்தலில் ஜெயித்த பதவி போனாலும் போகட்டும். இது என் வாக்கு.

கொன்ராட்


ஆல்ட்டன்பாக்,
14 மார்ச் 1993

திரு. கொன்ராட் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை வந்திருந்தேன். எனக்காக யாரும் இடம் கேட்கவில்லை. கெர்டா சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தார். உங்களுக்குக் காய்ச்சல் என்று அறிவித்தார்கள். முன்வரிசையில் உங்கள் நாற்காலி காலியாக இருந்தது.

அந்தக் கடிதத்தை வாசித்தேன். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் வாசித்தேன். நான்கு நிமிடம் ஆனது, திக்கித் திக்கி வாசித்தும். யாரும் கத்தியை உருவவில்லை. எழுந்தும் நிற்கவில்லை. கொதிகலன் அறையில் வேலை செய்யும் மிலோராத், அவர் செர்பியர், முடியும்வரை தலையைக் குனிந்திருந்தார். பிறகு என்னிடம் வந்து, "போன மேயில இத வாசிச்சிருந்தா எங்க ஊர்ல இருக்குற என் தம்பிக்கு அன்னிக்கே போன் போட்டிருப்பேன்" என்றார். தம்பி சூளைக் காவலில் இருந்தவனா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கிழக்கே எங்கள் ஆட்கள் இன்னும் அடைபட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். ஒரு மனுவில் அன்றே இருநூற்றுப் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதன் குழுவினர் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே கோடு வெறுமையாக இருக்கிறது. நிரப்புவதும் நிரப்பாததும் உங்கள் விருப்பம்.

இனி உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. நிஹாதின் உடல் எங்கே என்று சொல்ல ஆளில்லை. ஹைரியா புதைப்பதற்கு ஏதாவது வேண்டும் என்கிறாள். வீடு எரிந்துவிட்டதால் அவன் சட்டைகூட எங்களிடம் இல்லை. உங்கள் கண்ணாடி அலமாரியில் இருக்கும் தீப்பெட்டியை அனுப்பிவையுங்கள்.

நீங்கள் கொண்டுவர வேண்டாம். தபாலில் போட்டால் போதும். உள்ளே கடிதம் எதுவும் வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
எஷ்ரெஃப்